அத்தாவுக்கு வரைந்த கட்டங்கள்

டைரக்டர் பானுமதியின் மெயிலில் ஒரே வரிதான் இருந்தது. "ஆடு எந்தப் பக்கம் போகுதுன்னு புரியல, ரீடேக்." அந்த வாரம் நான் வரைந்ததிலேயே உருப்படியான காட்சி அதுதான். ஆட்டுக்குட்டி வீட்டைப் பார்த்து ஓடுகிறது. பால்குடி மறக்காத குழந்தைக்கும் புரியும். ஆனால் பானுமதிக்குப் புரியவில்லை என்றால் சேனலுக்குப் புரியாது, சேனலுக்குப் புரியாவிட்டால் நாட்டில் எந்தக் குழந்தைக்கும் புரியாது என்பது இந்தத் தொழிலின் கணக்கு. கை ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

டிவியில் வரும் கார்ட்டூன்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைவது என் வேலை. கதை எழுதுகிறவர் 'மிட்டாய் பயந்து ஓடியது' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மிட்டாய் என்பது வெள்ளாட்டுக்குட்டி, எங்கள் தொடரின் நாயகி. அது எங்கே நின்றது, எதைப் பார்த்தது, எந்தக் காலை முதலில் தூக்கியது, எந்தப் பக்கமாக ஓடியது என்று கட்டம் கட்டமாக நான் வரைய வேண்டும். வசனத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலும் கதை விளங்க வேண்டும். விளங்காவிட்டால் என் தப்பு. விளங்கினால் டைரக்டர் கெட்டிக்காரி.

இதையெல்லாம் முன்பு சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். இப்போது சோளக்காடு என்கிற மலையூரில், என்னைப் பெற்ற அத்தாவின் மிளகுக் கடைக்கு மேலே இருக்கும் அறையில், ஜன்னலை ஒட்டி மேசையைப் போட்டுச் செய்கிறேன். ஜன்னலை விட்டு நகர்ந்தால் நெட்வொர்க் போய்விடும். என் வீட்டுக்காரர் பிலால் சென்னையில் இருக்கிறார். வாரக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லி மாதக் கடைசியில் வருவார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த வளைவு வளைவான மலைப்பாதையில் ஒருமுறை ஏறி வந்தால், வாந்தி நின்று முகம் தெளியவே ஒரு பகல் போய்விடும்.

மெயிலுக்குப் பதில் எழுதத் தொடங்கும்போது கீழிருந்து வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அத்தா எழுந்துவிட்டார்.

பஸ் கடைக்கு எதிரில்தான் நிற்கும். அத்தா ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, வலது காலை இழுத்து இழுத்துப் படியிறங்குவார். ரோட்டைத் தாண்டிப் போய் பஸ்ஸின் பின்வாசல் பக்கமாக நிற்பார். இறங்குகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைசி ஆளும் இறங்கியபின் வண்டிக்குள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு திரும்பி வந்து படியேறிப் படுத்துக்கொள்வார். கீழிருந்து எத்தனை பஸ் வருகிறதோ அத்தனை முறையும் இதேதான். மத்தியான பஸ் வந்து போகும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார். தட்டைப் போட்டால் பக்கத்தில் இன்னொரு தட்டைக் காட்டுவார். அது அம்மாவின் தட்டு.

அம்மா இனி எந்தப் பஸ்ஸிலும் வர மாட்டாள். நோன்புக்கு முந்தைய வாரம் அவள் மவுத்தாகிவிட்டாள்.

அவர் நோயும் அவள் சாவும் சேர்ந்தாற்போல் வந்தன. அத்தாவுக்குப் பக்கவாதம் அடித்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவர், வெளியே பெஞ்சில் அம்மா. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன் என்பாள், மாத்திரை போட்டாயா என்றால் போட்டேன் என்பாள். எல்லாம் பொய். ஒருநாள் காலையில் அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே அத்தா நினைவில்லாமல் கிடந்தார். அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் தம்பி அர்ஷத்தின் வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுபோய், அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள்.

அத்தா கண் விழித்தபோது பேச்சு போயிருந்தது. பேச்சு மட்டும் என்றால் பரவாயில்லை. நாம் பேசுவதும் அவருக்குள் போவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, ஹாரன் சத்தத்துக்கு எழுகிறார், ஆனால் வார்த்தை வெறும் சத்தமாகத்தான் விழுகிறதாம். மூளையில் அந்த இடம் அடிபட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அர்ஷத் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா போன விஷயத்தைச் சொன்னான். தலையாட்டினார். பள்ளிவாசல் இமாம் வந்து உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னார். அவருக்கும் தலையாட்டிவிட்டு, இவருக்கு டீ கொடு என்று எனக்குச் சைகை காட்டினார். ஆயுசு முழுவதும் மிளகு வியாபாரம் பார்த்த மனிதர். எதிராளி என்ன பேசினாலும் சிரித்த முகத்தோடு தலையாட்டுவது அவருக்கு ஊறிப்போன பழக்கம்.

படம் மட்டும் அவருக்குப் புரிந்தது. தற்செயலாகத்தான் அதைக் கண்டுபிடித்தேன். மிட்டாய் வாழைத்தாரில் முட்டி அன்னாசிக் குவியலில் விழுகிற காட்சியைத் தாளில் பிரிண்ட் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். பின்னால் கக்கக்கென்று ஒரு சத்தம். திரும்பினால் அத்தா சிரித்துக்கொண்டிருக்கிறார். கட்டத்துக்குக் கட்டம் விரலை நகர்த்தி, ஆடு விழும் இடத்தில் நிறுத்தி, மறுபடி சிரித்தார். அன்றிலிருந்து குளியல், மாத்திரை, டாக்டர், எல்லாவற்றையும் வரைந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றை மட்டும் வரையவில்லை.

அர்ஷத் வேண்டாம் என்றான். "தெரிஞ்சு என்னக்கா ஆகப்போகுது? இன்னொரு தடவ அடிச்சா அத்தா தாங்குவாரா? காத்துக்கிட்டாவது இருக்கட்டும். அந்த நெனப்புலதான் எந்திரிச்சு நடமாடுறாரு."

"நெனப்பு உனக்கு. மழையில நிக்கறது அவரு. நாளெல்லாம் பாக்கறது நானு."

"நீ ஆயிரம் சொல்லு, எனக்கு பயமா இருக்குக்கா."

எனக்கும் பயம்தான். அவன் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினேன். பகலெல்லாம் ஆடு, ஆட்டுக்கு நடுவே அத்தா, அத்தாவுக்கு நடுவே சமையல். பஸ் ஹாரன் கேட்டாலே எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். பெற்ற தகப்பன் மேல் எரிச்சல் படுகிறோமே என்று அதற்கொரு தனி எரிச்சல்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்திலேயே ரோட்டில் மஞ்சு இறங்கி, எதிர்க்கடை தெரியாது. அப்படி ஒரு நாள், ஹாரனுக்கு எழுந்து போன அத்தா பஸ்ஸுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். பலாக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸில் வந்திருக்கிறது. டிரைவருக்கு ஆள் தெரியவில்லை. கீழே ஒரே கூச்சல். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது செல்லமுத்து அத்தாவை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். செல்லமுத்து ஆலத்தூர் நாட்டு விவசாயி. அவர் காட்டு மிளகு வருஷா வருஷம் எங்கள் கடைக்குத்தான் வரும்.

"ஒண்ணும் ஆகலீங்க, பயப்படாதீங்க" என்றார். அத்தாவைக் கடைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங் கண்ணு, பாயி யாருக்காக நிக்கறாருன்னு இந்த ரோட்டுல இருக்கற அத்தனை பேருக்கும் தெரியுமுங்க. அவருக்குத்தான் தெரியல. எப்படியாச்சும் சொல்லிப்போடு சாமி. நாங்க எத்தனை நாளைக்குப் புடிச்சு இழுக்கறது?"

அத்தா எங்களைப் பார்க்கவே இல்லை. புறப்பட்டுப் போகிற பஸ்ஸின் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

எப்படி வரைவது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. அதுதான் வினை. அதற்கு முந்தைய மாதம் மிட்டாய் தொடரில் கிழட்டு ஆமை சாகிற கதை ஒன்று வந்தது. குழந்தைகள் தொடரில் சாவைக் காட்டக் கூடாது. இரத்தம் கூடாது, நெருப்பு கூடாது, மண்மேடு கூடாது. மூடிய துணிகூடக் கூடாது. சேனல்காரர்கள் அனுப்பியிருக்கும் விதிகள் எனக்கு மனப்பாடம். அதனால் ஆமை நோயில் படுக்கும். கண்ணை மூடும். பிறகு எழுந்து, முதுகைக் காட்டியபடி வெளிச்சத்தை நோக்கி மெதுவாக நடந்து போகும். சின்னதாகி, கட்டத்தை விட்டு வெளியே போய்விடும். கடைசிக் கட்டத்தில் வெறும் பாதை மட்டும். அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்த வேண்டும். பானுமதி போன் போட்டுப் பாராட்டியது அந்த ஒரு காட்சிக்குத்தான். "அழ வெச்சுட்ட தஸ்னீம்" என்றாள்.

அதே கையோடு அத்தாவுக்கும் வரைந்தேன். கம்ப்யூட்டரில் வேண்டாம், அவர் கையில் வைத்துப் பார்க்கட்டும் என்று தாளில் பென்சிலால் வரைந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் நெஞ்சைப் பிடித்தபடி அம்மா. படுத்துக் கண்ணை மூடியிருக்கும் அம்மா. பிறகு வெள்ளை உடுத்தி, முட்டிவலியால் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து, மலைரோட்டில் முதுகு காட்டி நடந்து போகும் அம்மா. தூரத்து வளைவில் சின்னதாக அம்மா. கடைசியில் காலி ரோடு. வரைந்து முடித்துத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது.

அத்தா தாளை வாங்கிப் பார்த்தார். அம்மாவின் நடையை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது. சாய்ந்த தோளை விரலால் தடவினார். நடக்கும் கட்டத்தில் நிறைய நேரம் நின்றார். காலி ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லத் தலையாட்டினார். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அழவில்லை, சத்தம் போடவில்லை. அன்று மத்தியானம் பஸ்ஸுக்குக் காத்திராமல் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அர்ஷத்துக்குப் போன் போட்டேன். "சொல்லிட்டேன்டா. தாங்கிக்கிட்டாரு."

அவன் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி விசும்பினான். எனக்கோ தலையில் இருந்த மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அதற்குள்ளே சின்னதாக ஒரு வருத்தமும் இருந்தது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையா என்று.

மறுநாள் காலையில் அத்தா பெருநாளுக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையை அலமாரியிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார். பித்தானைப் போடச் சொல்லி என்னிடம் நெஞ்சைக் காட்டினார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். அத்தர் புட்டியை நீட்டினார். அம்மா போன துக்கத்தில் கீழே பள்ளிவாசலுக்குப் போக நினைக்கிறார் போலும் என்று நான் பூசிவிட்டேன். ஹாரன் கேட்டது. ஒருநாளும் இல்லாத வேகத்தில் படியிறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் கார்த்தி படியேறி வந்தார். அவர் கையில் என் தாள் இருந்தது.

"அக்கா, உங்கத்தா இந்தப் படத்தக் காட்டிக் காட்டி என்னமோ கேக்கறாருங்க. இந்த நடந்து போறாங்கல்ல, இவிங்களக் காட்டறாரு, அப்பறம் எங்க வண்டியக் காட்டறாரு. எந்த வண்டீல வர்றாங்கன்னு கேக்கறாப்பல இருக்குதுங்க. மூஞ்சியெல்லாம் அப்படி ஒரு சிரிப்பு. நான் என்னங்க சொல்றது?"

ஜன்னல் வழியே பார்த்தேன். தூறலில், அத்தர் பூசிய வெள்ளைச் சட்டையோடு, அத்தா பஸ் வாசலில் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கணத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்கு இது சாவு. பார்க்கிறவருக்கு அங்கே சாவே இல்லை. அம்மாவுக்கு நோய் வந்தது, தூங்கினாள், எழுந்தாள், நல்லபடியாக நடந்து போனாள். இந்த மலையில் ரோட்டில் இறங்கிப் போகிறவர்கள் ரோட்டில் ஏறித் திரும்பி வருவார்கள். இத்தனை நாளும் அவள் எங்கே என்று தெரியாமல் தேடினார். இப்போது பெற்ற மகளே, அவள் சுகமாகி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று வரைந்து கொடுத்துவிட்டாள்.

அன்று பகல் பானுமதி ஆட்டைக் கேட்டுக் கூப்பிட்டாள். நான் ஆட்டைப் பற்றிப் பேசாமல், அத்தாவின் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"ஒண்ணும் கேக்காத. படிச்சு என்ன புரியுதுன்னு மட்டும் சொல்லு."

"அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல. ரெஸ்ட் எடுத்து எழுந்து ஊருக்குக் கிளம்பிட்டாங்க. கடைசியில ரோடு காலியா நிக்குது, அப்போ அடுத்த ஷாட்ல திரும்பி வரணும். மீதி எங்க?"

"மீதி இல்ல. அவங்க செத்துட்டாங்க."

"ஆமைக்குப் பண்ணியே, அந்த மாதிரியா? அதுல பின்னணிக் குரல் வெச்சோமே. 'ஆமைத் தாத்தா இனி வரமாட்டார்'னு மிட்டாயோட அம்மா சொல்லும். அது இல்லாம வெறும் படத்துல புரியாது. எந்த எபிசோடு இது?"

"எங்கம்மா. எங்கத்தாவுக்காக வரைஞ்சேன். அவருக்குக் குரல் வெச்சும் பயன் இல்ல பானு. எந்தக் குரலும் புரியாது."

அவள் மெதுவாகச் சொன்னாள். "நடந்தத நீ ஒரு கட்டத்துலயும் காட்டல தஸ்னீம். காட்ட பயந்து சுத்தி சுத்திப் போயிருக்க. ஆட்ட விடு. நான் பாத்துக்கறேன்."

அவள் சொன்னது சரி. நான் தாளை எடுத்து உட்கார்ந்தேன். காட்டக் கூடாது என்று சேனல்காரர்கள் எழுதி வைத்திருப்பதையெல்லாம் காட்ட வேண்டும்.

அம்மாவைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவள் கால்விரல் நகம்வரை எனக்குத் தெரியும். கற்பூர வாசனை தெரியும். முகத்தைக் கடைசியாக மூடியது என் கைதான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வழக்கத்தில் அடக்கத்துக்குப் பெண்கள் மையவாடிவரை போவதில்லை. அம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதோடு என் கண்ணில் அந்தக் காட்சி முடிந்துவிட்டது. பார்க்காததை வரைய முடியாது. அர்ஷத்தைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அம்மாவ அடக்குனப்ப நீ எங்க நின்ன?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"அத்தா புரிஞ்சுக்கலடா. நான் தப்பா வரைஞ்சுட்டேன். இன்னிக்குப் புது மாப்பிள்ள மாதிரி பஸ்ஸுக்குப் போய் நிக்கறாரு. சொல்லு, எங்க நின்ன?"

அவன் போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "குழிக்குள்ள" என்றான். "நானும் மாமாவும் எறங்கினோம். மேல இருந்து எறக்கினாங்க. நான்தான் கையில வாங்கினேன்."

"எப்படி வாங்கின? தலப்பக்கமா, காலா?"

"தலப்பக்கம்."

"கனமா இருந்தாங்களா?" இதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கனம் தெரியாமல், தாங்குகிறவன் தோளை எப்படி வளைத்து வரைவது?

"இல்லக்கா" என்றான். அவன் குரல் உடைந்துவிட்டது. "ஒண்ணுமே இல்ல. அம்மா ஒண்ணுமே இல்லாம இருந்தாங்க."

மறுநாள் காலையிலேயே அவன் மலையேறி வந்துவிட்டான். பிரஷர் பார்க்கும் மெஷின், அவசர மாத்திரை, தெரிந்தவர் கார், கீழே டாக்டரின் நம்பர் என்று ஆம்புலன்ஸைத் தவிர எல்லாம் கொண்டுவந்திருந்தான். என்னிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தாவின் கட்டிலில் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டான். முதல் பஸ் வந்து போயிருந்தது. அத்தா அதே வெள்ளைச் சட்டையில், சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

தாளைக் கொடுத்தேன்.

முதல் கட்டம், ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்து கிடக்கும் அம்மா, கை தொங்குகிறது. அத்தா அதை வேகமாகத் தாண்டினார். இது தெரியும் என்பது போல. அடுத்தது முகம் மட்டும். கண் மூடியிருக்கிறது. மோவாயோடு சேர்த்துத் தலையைச் சுற்றித் துணிக்கட்டு, மூக்கில் பஞ்சு. இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை, வெளிச்சம் போடவில்லை. அத்தாவின் விரல் அங்கே நின்றுவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை விலக்கவில்லை. அர்ஷத்தைப் பார்த்தார். அவன் குனிந்துகொண்டான். விரல் மெல்ல அடுத்த கட்டத்துக்குப் போனது. வெள்ளைத் துணியில் சுற்றிய உடம்பு. தோள்கள் மேல் சந்தூக். பிறகு குழி. குழிக்குள்ளிருந்து இரண்டு கையையும் ஏந்தி அவளை வாங்கும் அர்ஷத். கடைசியில் ஈர மண்மேடு. அதைச் சுற்றிக் கையேந்தி நிற்கும் ஆண்கள்.

அத்தா மூச்சை இழுத்தார். உதடு கோணியது. அர்ஷத் பதறி மெஷினை எடுத்தான். அப்போது அத்தா வாயைத் திறந்து, "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றார்.

முழுசாகச் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. மவுத்து சேதி காதில் விழுந்ததும் எங்கள் ஆட்கள் வாயில் தானாக வரும் வாசகம் அது, நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று. யோசித்துச் சொல்வதில்லை. தண்ணீர் கேட்க ஒரு வார்த்தை வராத மனிதர், மகள் பேரைச் சொல்ல முடியாத மனிதர். அவர் குரலை அத்தனை மாதம் கழித்து நான் கேட்டது அதில்தான். அர்ஷத் மெஷினைக் கீழே போட்டுவிட்டு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

புரிந்துவிட்டது. நான் வரைந்ததிலேயே தெளிவான போர்டு அதுதான். அந்த நினைப்பு எனக்கு வந்ததும், அதற்காக என்னை நானே வெறுத்ததும் ஒரே நேரத்தில் நடந்தது.

அதோடு முடியும் என்று நினைத்தேன். அத்தா தாளை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். மண்மேட்டைச் சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். இது மாமா. இது அர்ஷத். இது இமாம். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தார். பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வரிசையைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார்.

நான் எங்கே என்று கேட்கிறார்.

"நீங்க அங்க இல்லத்தா" என்றேன். பயன் இல்லை. பென்சிலை எடுத்து, அதே தாளில் மண்மேட்டின் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டில். வாயில் குழாய், கையில் ஊசி, கண்மூடிக் கிடக்கும் அத்தா. ஒரே கட்டத்தில் இரண்டு பாதி. டிவியில் 'அதே நேரத்தில்' என்பதை இப்படித்தான் காட்டுவோம். மூன்று வயதுக் குழந்தைக்கும் புரியும்.

அத்தாவுக்கும் புரிந்தது. ஒரு பாதியைப் பார்த்தார், மறு பாதியைப் பார்த்தார். பிறகு இடது கைப் பெருவிரலை நான் வரைந்த கட்டிலின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் எனக்கு விளங்கவில்லை. அழுத்தி அழுத்தித் தேய்த்தார். குழாய் கலைந்தது, கட்டில் கலைந்தது, நான் கிழித்த நடுக்கோடு கலைந்தது. தன்னை அங்கிருந்து எழுப்பி, இந்தப் பக்கம் கொண்டுவரப் பார்க்கிறார். பென்சில் கரி பரவி அந்தப் பாதி முழுக்கக் கறுத்தது. தாள் கிழிகிற மாதிரி ஆகியும் அவர் நிறுத்தவில்லை. வாயைத் திறந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டே தேய்த்தார்.

நான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். அம்மா போன அன்றுகூட நான் அழவில்லை. குளிப்பாட்ட வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது, பிறகு ஆட்டை வரைய வேண்டியிருந்தது. அன்றுதான் அழுதேன், அத்தாவின் கரி படிந்த கையில் முகத்தை வைத்துக்கொண்டு.